கண்ணாடியைக் கரையில் வைத்துவிட்டு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிய அந்த நொடியில், அதுவரை ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்த அலைகள் எல்லாம் ஒரே சாம்பல் நீலப் பரப்பாகக் குழைந்துபோயின. எனக்கு இரு கண்களிலும் கிட்டப்பார்வை. கண்ணாடியின் எண் மைனஸ் 4.5. அதைக் கழற்றிவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எந்தப் பொருளுக்கும் விளிம்பு இருப்பதில்லை. அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மனத்தில் பல ஆண்டுகளாக இருந்தும் 43 வயது வரை அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குப் பயம் பாதிக் காரணம் என்றால், இந்தக் கண்கள் மீதிக் காரணம். வருகிற அலையைப் பார்க்கவே முடியாதவள் அதன் மீது எப்படி ஏறி நிற்பது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்ததே இல்லை.

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. கண் மருத்துவரிடம் கேட்டேன். கண்டிப்பாக வேண்டாம் என்றார். தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே தங்கிவிட்டால் உண்டாகும் தொற்று, அரிதாகவே நேர்வதென்றாலும், கடும் வலியைத் தருவதோடு பார்வையையே பறித்துவிடவும் கூடியது என்று விளக்கினார். எண் பொருத்திய நீச்சல் கண்ணாடியைப் பற்றிப் பயிற்றுநரிடமே கேட்டேன். முதல் நாளில் விழுவதுதான் அதிகமாக இருக்கும் என்பதால், முகத்தில் கெட்டியான பொருள் எதுவும் இல்லாமல் இருப்பதே நல்லது என்பது அவர் கருத்து. ஆகவே கண்ணாடியும் இல்லை, லென்ஸும் இல்லை என்று முடிவாயிற்று.

அப்படி முடிவானதும், குழுவாகக் கற்கும் வகுப்பு எனக்கு ஒத்துவராது என்பதும் தெளிவாகிவிட்டது. அத்தகைய வகுப்பில் ஒரே பயிற்றுநர் பலரைக் கவனிக்க வேண்டியிருப்பதால் அவர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கையசைத்தும் விசிலடித்தும்தான் வழிகாட்டுவார். பத்தடிக்கு அப்பால் இருப்பவரின் கை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று தெரியாத எனக்கு அந்தச் சைகையால் என்ன பயன்? ஒருவருக்கு ஒருவர் என்ற தனிப்பயிற்சியாக 90 நிமிடங்களுக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். தொலைபேசியில் பயிற்றுநரிடம் பேசியபோது என் கண்களைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அவர் அதைக் கேட்டுத் தயங்கவில்லை. அதற்கு மாறாகத் தம் பங்குக்குக் கேள்விகளை அடுக்கினார். நீந்தத் தெரியுமா, தலை நீருக்குள் போனால் பதறுவீர்களா, தோளிலோ முதுகிலோ அறுவை சிகிச்சை எதுவும் நடந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கடலில் இறங்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தனிப்பயிற்சிக்கு ஆள் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உயிர்காக்கும் பயிற்சி பெற்றிருக்கிறாரா, சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் பயிற்றுநர் சான்று போன்ற ஒன்று அவரிடம் இருக்கிறதா என்று நாம் கேட்பது எவ்வளவு அவசியமோ, நம்மைப் பற்றி அவர் கேட்கிறாரா என்று பார்ப்பதும் அவ்வளவு அவசியம். எதையுமே கேட்காமல் நேரத்தை மட்டும் சொல்லி வரச் சொல்லும் ஒருவரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கரைக்குப் போனதும் பலகையைத் தொடுவதற்கு முன்பாக 20 நிமிடம் மணலில் உட்காரச் சொன்னார். அப்போது கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. "கண்ணாடி போட்டிருக்கும்போதே கடலை நல்லாப் பார்த்து வெச்சுக்கோங்க அக்கா. உள்ளே போனதும் இதெல்லாம் மனசுல இருக்கணும்," என்றார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பேச்சு மெதுவாக வரும். கண் மட்டும் எந்நேரமும் கடலின் மீதே இருக்கும். காலைநேரம் என்பதால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி மென்மையாக வீசிக்கொண்டிருந்தது. இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று அந்தத் திசையில் போகிறது. அது அலையின் முகத்தை எதிர்த்து வீசி அதை வழவழப்பாக வைத்திருக்கிறது. வெயில் ஏறியதும் காற்று திரும்பிவிடும், அலைகள் கலைந்து குழம்பிவிடும், ஆகவேதான் இவ்வளவு சீக்கிரம் வரச் சொன்னேன் என்றார்.

பிறகு எண்ணச் சொன்னார். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சற்று நேரம் கடல் அடங்கிக் கிடக்கும், பிறகு நான்கைந்து பெரிய அலைகள் ஒரு வரிசையாக வரும், மறுபடியும் அடங்கும். கரையில் நின்று கால் நனைத்த ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் இதைக் கவனித்ததில்லை. அன்றைய வரிசைகளில் முதல் அலை சிறியதாகவும், இரண்டாவது சற்றுப் பெரியதாகவும், மூன்றாவதோ நான்காவதோ எல்லாவற்றிலும் உருப்படியானதாகவும் இருந்தது. மூன்று வரிசைகளை எண்ணி முடித்த பிறகு, அடுத்தது எப்போது வரும் என்று என்னையே சொல்லச் சொன்னார். நான் தொடுவானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு விரலால் சுட்டிக்காட்டினார். வெகு தொலைவில், நீரின் மேல் தோலில் விழுந்த மடிப்பைப்போல, மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தது. "அதுதான். இன்னும் உடையலை. வந்துக்கிட்டிருக்கு."

அலைக்குத் தமிழில் திரை என்று ஒரு பெயர் உண்டு. நரை திரை என்று சொல்லும்போது அதே சொல் முதுமையில் தோலில் விழும் சுருக்கத்தைக் குறிக்கிறது. ஒரே சொல் எப்படி இரண்டையும் குறிக்கிறது என்பதைச் சிறுவயதில் யோசித்ததுண்டு. இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை. கரையில் வந்து உடைந்து நுரைக்கும் அலையை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு அப்படித்தான் தோன்றும். அந்தக் கருங்கோட்டைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் இல்லை. உடைவதற்கு முன்பு அலை என்பது கடலின் மேனியில் நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு சுருக்கம்தான்.

அந்தச் சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு நான் அதைப் பற்றி மேலும் படித்தேன். எங்கோ ஒரு புயல் கடலின் மேல் நெடுநேரம் வீசுகிறது. அதில் எழும் அலைகள் புயலை விட்டு வெளியேறி, காற்றின் துணை இல்லாமலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. 1963இல் வால்டர் மங்க் என்னும் கடலியல் அறிஞர் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே வரிசையாக அளவீட்டு நிலையங்களை அமைத்து, அண்டார்க்டிகாவை ஒட்டிய தென்கடலில் பிறந்த அலைகள் அலாஸ்காவின் கரை வரை போய்ச் சேருவதைத் தொடர்ந்து அளந்து காட்டினார். 10 விநாடிக்கு ஒன்று என்ற இடைவெளியில் வரும் அலை, ஆழ்கடலில் ஏறத்தாழ 156 மீட்டர் நீளமும் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகமும் கொண்டிருக்கும். அப்படி நகர்வது தண்ணீர் அல்ல. தண்ணீர் இருந்த இடத்திலேயே வட்டமிட்டுத் திரும்ப, வடிவமும் ஆற்றலும் மட்டுமே முன்னே போகின்றன. எங்கோ ஒரு புயலில் பிறந்து இவ்வளவு தூரம் வந்த ஒன்று கடைசி 20 மீட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறது என்ற எண்ணம், மணலில் உட்கார்ந்திருந்த அந்த வேளையில் என் பயத்தை விலக்கிவிட்டு வேறொரு உணர்வைக் கொண்டுவந்தது. அதை மரியாதை என்று சொல்வதுதான் பொருந்தும்.

எங்கே இறங்கப்போகிறோம் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. கரையை நெருங்கும்போது அலையின் அடிப்பகுதி தரையை உணர்ந்து வேகம் குறைகிறது, பின்னால் வரும் நீர் மேலே எழும்புகிறது, இறுதியில் தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் அது உடைகிறது. அன்று வந்த அலைகள் 2 அடி உயரம் இருந்தன. ஆகவே அவை இரண்டரை அடி ஆழத்தில் உடைந்துகொண்டிருந்தன. நாங்கள் நிற்கப்போவது அதற்கும் உள்ளே, உடைந்து வெண்நுரையாக உருண்டு வரும் பகுதியில். என்ன நேர்ந்தாலும் காலை ஊன்றி எழுந்து நிற்க முடியும் என்பதை எண்களோடு சொன்னது எனக்கு உதவியது. பயப்படாதீர்கள் என்று பத்து முறை சொல்வதைவிட இப்படி ஒரு முறை விளக்குவது மேலானது.

எழும்புவதற்கு முன் கடைசியாக இடப்பக்கம் ஓரிடத்தைக் காட்டி, அங்கே என்ன தெரிகிறது என்று கேட்டார். இருபுறமும் நுரை எழும்பிக்கொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாக இருந்தது. இறங்குவதற்கு அதுதான் நல்ல இடம் என்று தோன்றுகிறது என்றேன். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் ஆபத்து என்றார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும் வழி அது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை, அதனால் அமைதியாகத் தோன்றுகிறது. அத்தகைய இழுப்பு நீரோட்டம் சில நேரங்களில் விநாடிக்கு 8 அடி வரை வேகம் கொள்ளக்கூடியது. ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையிலிருந்து வெளியேற வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கண்ணாடியோடு அந்தக் கருத்த பட்டையை நெடுநேரம் பார்த்து, கரையில் இருந்த ஒரு கம்பத்துக்கு நேரே அது இருக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டேன்.

மணல் பயிற்சி என்று எழுதினால் நான்கு வரியில் முடிந்துவிடும். எனக்கு அதுதான் வகுப்பின் இதயம். மணலில் பலகையின் வடிவத்தை விரலால் வரைந்து, அதன் மேல் குப்புறப் படுக்க வைத்தார். எந்தக் கால் முன்னால் வரும் என்று தெரிந்துகொள்ள, நான் நின்றுகொண்டிருந்தபோது முன்னறிவிப்பு இல்லாமல் முதுகில் மெதுவாகத் தள்ளினார். இடக்கால் தானாக முன்னே போனது. இடக்கால் முன்னால் வைப்பவர்களை ரெகுலர் என்றும் வலக்கால் வைப்பவர்களை கூஃபி என்றும் சொல்வார்கள், இரண்டில் எதுவும் குறைந்ததில்லை. பிறகு கைகள். படுத்த நிலையிலிருந்து எழும்போது நான் பலகையின் விளிம்புகளைப் பிடிப்பதுபோல விரல்களை வளைத்து மணலைப் பற்றிக்கொண்டேன். அவர் என் அருகே மண்டியிட்டு, என் வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை விலா எலும்பின் கடைசி வளைவுக்கு நேராகத் தட்டையாக வைத்தார். விளிம்பைப் பிடித்தால் பலகை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், உள்ளங்கையை ஊன்றினால்தான் பலகை சமமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுபடி எழச் சொன்னார். மறுபடியும் என் விரல்கள் வளைந்தன. மறுபடியும் விரித்தார். நான் எண்ணியவரை 11 முறை. குழுவில் இருந்திருந்தால் இரண்டாவது முறைக்குப் பிறகு அவர் அடுத்தவரிடம் போயிருப்பார், அதில் அவர்மீது தவறும் இருந்திருக்காது. 12ஆவது முறை என் கை தானாகத் தட்டையாக விழுந்ததை நானே உணர்ந்தேன்.

எழும் முறை இதுதான்: உள்ளங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது, பின்காலைப் பக்கவாட்டில் திருப்பி வால்பகுதியில் வைப்பது, முன்காலை இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவருவது, முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே நிமிர்வது. ஒரே தாவலில் எழுவதைக் காணொளிகளில் பார்த்து வீட்டில் பழகியிருந்தேன்; என் இடுப்புக்கு அது வரவில்லை. அதை அவர் இரண்டு முயற்சிகளில் கண்டுகொண்டு, படிப்படியாக எழும் இந்த முறையைக் கொடுத்தார். நாற்பதைக் கடந்த உடல்களுக்கு இது வரம். முதலில் முட்டி போட்டுப் பிறகு எழுவதை மட்டும் அனுமதிக்கவே இல்லை. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னாளில் விடுபடுவது கடினமாம்.

பலகை 9 அடி நீளம், மேற்பரப்பு முழுவதும் மெத்தென்ற ஃபோம். நீளமும் அகலமும் கூடக்கூட மிதக்கும் திறனும் நிலைத்தன்மையும் கூடும் என்பதால் புதியவர்களுக்கு 8 அடிக்குக் குறையாத ஃபோம் பலகையே ஏற்றது. குட்டையான, பளபளப்பான பலகைகள் பார்க்க அழகாக இருந்தாலும் அவை வேறொரு நாளுக்கு உரியவை. அடியில், மீனின் துடுப்பைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்கள் இருந்தன. 1935இல் டாம் பிளேக் என்பவர் ஒரு படகின் அடிக்கட்டையைத் தம் பலகையில் பொருத்திப் பார்க்கும் வரை பலகைகளுக்கு ஃபின் கிடையாது. வால்பகுதி விருப்பம்போல வழுக்கிக்கொண்டு போகும். பலகையோடு நம்மை இணைக்கும், லீஷ் எனப்படும் கயிற்றைப் பின்காலின் கணுக்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியபடியே அவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு மறக்கவில்லை. குளிர்நீரில் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் வெட்சூட் உடைகளால் உலகெங்கும் அறியப்பட்ட ஜாக் ஓ'நீல், 1971இல் லீஷ் இழுபட்டுத் திரும்பிப் பாய்ந்த பலகையால் இடக்கண்ணை இழந்தார். அவர் படங்களில் காணும் கறுப்புக் கண்மூடி அதனால் வந்தது. அந்நாளைய கயிறு ரப்பரைப்போல அதிகமாக நீண்டு சுண்டக்கூடியது. இன்றைய கயிறு அவ்வளவு நீளாது. ஆனாலும் விழுந்த பிறகு மேலே வரும்போது இரு முன்கைகளாலும் தலையையும் முகத்தையும் மறைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பது அன்றைய விதி. தலைகுப்புற விழக் கூடாது. ஆழம் குறைந்த நீரில் பக்கவாட்டிலோ முதுகுப்புறமாகவோ தட்டையாக விழ வேண்டும். அலைக்கும் நமக்கும் நடுவே பலகை வரவே கூடாது. கண்களைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான், இந்த விதிகளை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

அதன் பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினேன்.

நீரில் இறங்கிய முதல் ஐந்து நிமிடங்கள் கடுமையாக இருந்தன. வெண்நுரை ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வெளிறிய படலமாகத் தோன்றி, இடித்த பிறகே அலை என்று தெரிந்தது. அவர் பலகையின் வால்பக்கம் நின்றுகொண்டு, தான் பார்ப்பதை எனக்காகப் பேச்சாக மாற்றிக்கொண்டே இருந்தார். "பெரிசு ஒண்ணு வருது, இதை விட்டுடலாம். அடுத்தது சின்னது. அதுக்கு அடுத்தது நமக்கு. படுத்துக்கோங்க. கொஞ்சம் முன்னால. போதும்." பிறகு ஒரு தள்ளு. அலை வால்பகுதியைத் தூக்கியது, பலகையின் மூக்கு நீருக்குள் குத்தியது, நான் அதற்கு மேலாகப் பறந்து விழுந்தேன். உடம்பு ஓர் அங்குலம் முன்னால் இருந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அடுத்த முறை பின்னால் தள்ளிப் படுத்தேன். அலை எங்களைக் கடந்து போய்விட்டது. மூன்றாவது முறை சரியான இடத்தைக் கண்டுபிடித்ததும், பலகையின் நடுக்கோட்டில் என் தாடைக்கு நேரே இருந்த ஒரு சிறிய எழுத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு சாண் தூரத்தில் இருந்ததால் அந்த எழுத்து மட்டும் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

நான்காவதில் முட்டி வரை. ஐந்தாவதில் எழுந்தேன், உடனே வலப்பக்கம் விழுந்தேன். ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் வலப்பக்கமே. எட்டாவதற்குப் பிறகு என்னை நிறுத்தி, எழும்போது எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தபோது, தெளிவாகத் தெரியும் ஒரே பொருளான என் கைகளையும் பலகையையும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. தலை எங்கே குனிகிறதோ அங்கே உடம்பும் போகும். கரையைப் பார்த்தால் எனக்கு எதுவும் தெரியாதே என்றேன். "தெரிய வேண்டாம் அக்கா. கரை பழுப்பா இருக்கும், மரமெல்லாம் பச்சையா இருக்கும். ரெண்டும் சேர்ற கோட்டைப் பாருங்க, போதும்." ஒன்பதாவது அலையில் அந்தக் கோட்டைப் பார்த்தபடி எழுந்தேன். விழவில்லை. பலகை என் பாதங்களுக்குக் கீழே சிறு நடுக்கத்தோடு ஓடியது. காதில் நுரையின் சீறல் மட்டும் கேட்டது. பழுப்பும் பச்சையும் சேரும் கோடு என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நான்கைந்து விநாடிகள் இருக்கலாம். கரை நெருங்கியதும் ஃபின் மணலில் தட்டுவதற்கு முன்பாகக் குதித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார், மறக்காமல் குதித்தேன். பிறகு பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முழங்கால் நீரில் நின்று, அழுதேன். அவர் சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தார்.

1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிட்னியின் வடக்குக் கடற்கரைகளில் ஒன்றில், ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹானமோக்கு, இசபெல் லெதம் என்னும் 15 வயதுப் பெண்ணைத் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு அலையில் வந்தார். கஹானமோக்கு 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அலைச்சறுக்கை உலகுக்குக் கொண்டுசென்றவர். மேலிருந்து பார்த்தபோது அலை ஒரு செங்குத்துப் பாறையைப்போலத் தோன்றியதாகவும், பயந்துபோன தன்னை அவரே பிடித்துத் தூக்கி நிறுத்தியதாகவும் லெதம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தச் செய்தியை முன்பு படித்தபோது அது ஒரு சுவையான வரலாற்றுத் துணுக்காக மட்டுமே இருந்தது. ஒன்பதாவது அலைக்குப் பிறகு அது எனக்கு வேறாகப்படுகிறது. சரியான அலை இதுதான் என்று தானே தேர்ந்து, சரியான நொடியில் தள்ளிவிடும் கை ஒன்று பின்னால் இருந்தால், எழுந்து நிற்பதில் கற்பவரின் திறமைக்கு ஒரு சிறு பங்கு மட்டுமே. நான் அன்று நின்றேன் என்பது உண்மை. கடலைப் படித்தவர் அவர் என்பதும் உண்மை.

இதை நான் அவரிடமே சொன்னேன். இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கேட்டேன், 25 என்றார். தள்ளாமல், அலை வருகிறது என்றும் சொல்லாமல், எனக்கு ஒரு வாய்ப்புத் தர முடியுமா என்று கேட்டேன். தனிப்பயிற்சியில் இப்படிக் கேட்க முடிகிறது என்பதே அதன் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். குறையும் உண்டு. குழுவில் மற்றவர்களின் முறை வரும்போது கிடைக்கும் ஓய்வு இங்கே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் என் தோள்கள் கல்லாகிவிட்டன, ஃபோமில் உரசி வயிற்றுத் தோல் எரிந்தது, தலையைத் தூக்கியே வைத்திருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. முதல் வகுப்புக்கு 90 நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க வேண்டாம். நடுவில் ஐந்து நிமிடம் கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதையும் வீணான நேரமாக எண்ண வேண்டாம்.

அவர் பலகையை விட்டு விலகிப் பக்கவாட்டில் போனார். எத்தனை அடி தள்ளி நின்றார் என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்த திசையில் ஒரு கருமையான நிழல் மட்டும் இருந்தது. முதலில் கரையில் அந்தக் கம்பம் இருந்த பக்கத்தைத் தேடினேன். எனக்கு வெகு வலப்பக்கம் உயரமாக ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறேன் என்று உறுதிசெய்துகொண்டு, பலகையைத் திருப்பிக் கடலைப் பார்த்தபடி நின்றேன். முதல் இரண்டு அலைகளை நான் கணித்தது முழுவதும் தவறு. அவை வந்து இடித்த பிறகுதான் படுத்தேன். அதன் பின் கடல் சற்று அடங்கியது. அந்த அமைதியில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். என் மங்கலான பார்வையில் சிற்றலைகள், மினுமினுப்பு, நுரைத்துணுக்குகள் எதுவுமே தெரியவில்லை. அவை எல்லாம் கரைந்துபோய்விட, நீண்ட பெரிய அலைகள் மட்டும் கருத்த பட்டைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக மிஞ்சியிருந்தன. ஓவியர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒளியையும் நிழலையும் மட்டும் பார்ப்பார்களே, அதைப்போல. கரையில் கண்ணாடியோடு தேடித்தேடிக் கண்ட அந்தத் தோல் மடிப்பு, இங்கே கண்ணாடி இல்லாமல் எதிரிலேயே நின்றது.

எண்ணினேன். முதல் பட்டை மெல்லியது. அது உடைந்து என் இடுப்பைத் தொட்டுப் போனது. இரண்டாவது வந்தபோது பலகையின் மூக்கை உயர்த்தி அதைக் கடக்கவிட்டேன். மூன்றாவது அகலமாக, மற்ற இரண்டையும்விடக் கருமையாக இருந்தது. பலகையைக் கரைப்பக்கம் திருப்பிப் படுத்தேன். தாடைக்கு நேரே அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்துக்கொண்டேன். இனிமேல் கண்ணுக்கு வேலை இல்லை. முதுகுக்குப் பின்னால் அலை உடையும் ஓசை கேட்டது, அது சீறலாக மாறி நெருங்கியது, கைகளால் நீரைத் துழாவத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வால்பகுதி உயர்ந்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை விநாடிக்கு 3 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும், ஆகவே தூக்கியதும் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு முறை துழாவ வேண்டும் என்று சொல்லியிருந்தார். துழாவினேன். பலகை வழுக்கத் தொடங்கியது. உள்ளங்கைகள் தட்டையாக விழுந்தன. பின்கால், முன்கால். பழுப்பும் பச்சையும் சேரும் கோடு.

குதித்து இறங்கிப் பலகையை இழுத்துக்கொண்டு, அந்த நிழல் இருந்த திசையை நோக்கி நடந்தேன். அருகே போனதும் அவர் முகம் மெல்ல உருப்பெற்றது. இரண்டு கைகளையும் நீருக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். தள்ளவில்லை என்று சொல்வதற்காக என்று புரிந்தது.

"தம்பி, வரிசையில அது எத்தனாவது அலை?" என்று கேட்டேன்.

"மூணாவது அக்கா."

நானும் மூன்று என்றுதான் எண்ணியிருந்தேன்.